வாடை பார்த்த அடுப்பு

வியாழக்கிழமை காலை அடுப்பின் மேல்தட்டியை விலக்கியபோது வாய்ப்பக்கம் இருந்த இரண்டு வரிசைத் தேங்காய் மூடிகள் கரியாகியிருந்தன. நடுவில் இருந்தவை நன்றாகக் காய்ந்திருந்தன. கடைசிப் பக்கத்தில் பருப்பு இன்னும் ஈரம். விரலால் அழுத்தினால் குழிந்தது. நானூறு காய். இரண்டு நாள் உரித்து, உடைத்து, அடுக்கியது.

நொர்மிதா ஒரு கரிந்த துண்டை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு கரிந்ததை எல்லாம் தனிக் கூடையில் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள்.

"போடு, போடு. துணி தேய்க்கிற பொட்டிக்குக் கரி ஆச்சு," என்றாள் மானா இஸ்கா.

இஸ்கா, நொர்மிதாவின் கணவன் பெலிமோனுக்கு அக்கா. அந்தக் கரையில் மூத்தவளை மானா, மூத்தவனை மானோ என்பார்கள். ஐம்பத்தாறு வயதிலும் ஒரு நாளைக்கு முந்நூறு காய் உரிப்பாள்.

"இது ரெண்டாவது தடவ கரியாகுது, மானா. ஆகஸ்ட்ல நல்லாத்தான காஞ்சுது?"

"ஆகஸ்ட்ல எதுதான் காயாது? என் புருஷன் கால்சட்டகூடக் காயும். எங்க அப்பா என்ன செஞ்சாரு? ஒரு குழி. மேல மூங்கில் தட்டி, கீழ நெருப்பு. புகை அடிக்கும், கண்ணு எரியும், கொப்பர கறுக்கும். ஆனா கரியாகாது. உள்ள உக்காந்துக்கிட்டு வெளிய இருக்குற அடுப்புக்குப் படம் போட்டா இப்படித்தான்."

நொர்மிதா பொறுக்கிக்கொண்டே இருந்தாள். படம் வீட்டுக்குள் தகரப் பெட்டியில் இருந்தது. பெலிமோன் சிறையிலிருந்து அனுப்பியது. பழைய எண்ணெய்ப் பீப்பாய்கள் நான்கை ஒன்றோடொன்று வைத்து மண்ணுக்குள் படுக்க வைக்க வேண்டும். ஒரு முனையில் மட்டையும் சிரட்டையும் போட்டு எரித்தால் சூடு மட்டும் பீப்பாய் வழியே ஓடி, புகை மறுமுனைக் குழாயில் வெளியேறிவிடும். கொப்பரை வெள்ளையாக வரும். அளவுகள் எல்லாம் சென்டிமீட்டரில், ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து எழுதியிருந்தான்.

அந்த அடுப்புதான் அவனுடைய பட்டப் படிப்பின் கடைசி வேலை. மணிலாவுக்குத் தெற்கே இருந்த பெரிய சிறைக்குள் ஒரு கல்லூரி நடந்தது. வெளியிலிருந்து ஆசிரியர்கள் வாரத்தில் மூன்று நாள் வந்தார்கள். பெலிமோன் விவசாயத் தொழில் படித்தான். எல்லாரும் களத்தில் ஒரு சோதனை செய்து அறிக்கை எழுத வேண்டும். அவனுக்கு ஏது களம்? வீட்டார் செய்து அளவு எழுதி அனுப்பினால் ஒத்துக்கொள்வோம் என்று ஆசிரியை சொன்னாள். அதனால் நொர்மிதா பீப்பாய் தேடினாள், இஸ்காவின் புருஷன் குழி வெட்டினான், மகள் ஜெசெல் பள்ளிக்கூடத் தராசைக் கடன் வாங்கி வந்து துண்டுகளை நிறுத்து நோட்டில் எழுதினாள்.

மழை மறுபடி தொடங்கியபோது பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஊர் மன்றத்து எழுத்தர் டோட்டோய். தலையில் பிளாஸ்டிக் பை.

"மானா நொர்! நல்ல சேதி. மொதல்ல காபி கொண்டா."

"சேதியச் சொல்லு. காபி தானா வரும்."

அவன் சட்டைக்குள் கையை விட்டு ஒரு உறையை எடுத்தான். உறை காய்ந்திருந்தது, அவன்தான் நனைந்திருந்தான்.

"உன் மனு பாஸாயிருச்சு. மானோ பெலிமோன இங்க மாத்துறாங்க. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கே, அந்த ஜெயிலுக்கு. ஜீப்புல மூணு மணி நேரம். ஞாயித்துக்கிழம பூசை முடிச்சுட்டுப் போனாக்கூட மத்தியானம் அவனோட உக்காந்து சாப்பிடலாம்."

இஸ்கா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "என்ன மனு? எனக்குத் தெரியாம என்ன மனு?"

"மூணு வருஷம் முந்தி போட்டது," என்றாள் நொர்மிதா. "வராதுன்னு நெனச்சேன்."

"அவனுக்குத் தெரியுமா?"

"சொல்லல. சொன்னா நாள எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பான்."

மனு போட்ட மறு வருஷம் அவன் கல்லூரியில் சேர்ந்துவிட்டதாகக் கடிதம் எழுதினான். அதற்குப் பிறகு மனுவைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை ஊர் மன்றம் வரை நடந்தாள். இரண்டு முறையும் வாசலில் கிடந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

"டோட்டோய், அங்க காலேஜ் இருக்கா?"

"எங்க, மலைக்கு அந்தப் பக்கமா? தச்சு வேல சொல்லித் தராங்க. வல பின்னலாம். காலேஜ் அங்க ஒண்ணுதான், பெரிய ஜெயில்ல."

"வேண்டாம்னு சொன்னா?"

டோட்டோய் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். "வேண்டாம்னு யாரு சொல்லுவா? சொல்றதா இருந்தா செவ்வாய்க்கிழம அஞ்சு மணிக்குள்ள, மனு போட்டவங்க வந்து எழுதிக் குடுக்கணும். அவன் எழுதிக் குடுத்தா செல்லாது. ஆனா ஒரு தடவ வேண்டாம்னா அப்பறம் வரிசைல கடேசி. மறுபடி வர்றதுக்குள்ள அவன் விடுதலையே ஆயிருவான். மானா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? காபி வருமா வராதா?"

வறுத்த அரிசியில் போட்ட காபியைக் குடித்துவிட்டு அவன் போனான்.

இரவுச் சாப்பாட்டுக்கு மரவள்ளிக் கிழங்கு, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பு இலை, ஆளுக்கு ஒரு கருவாடு. இஸ்கா தன் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒம்போது வருஷத்துல எத்தன தடவ பாத்திருக்க?"

"ரெண்டு."

"ரெண்டு. கப்பல் ஒரு நாள், பஸ் ஒரு நாள். நான் ஒரு தடவகூடப் பாக்கல. என் கூடப் பொறந்தவன். அவனுக்கு நாப்பத்தி மூணு வயசாச்சு. இனிமே பட்டம் வாங்கி என்ன கவர்னர் ஆகப் போறானா? எவன் வேல குடுப்பான்?"

"படிக்கிற மாசத்துக்குப் பதினஞ்சு நாள் தண்டனைல கழியுது, மானா. முடிச்சுட்டு அங்கயே மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தா அதுக்கும் கழியும்."

"பதினஞ்சு நாளு. எத்தன ஞாயித்துக்கிழம போகும்னு கணக்குப் பாத்தியா?"

ஜெசெல் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள். பதினான்கு வயது. அப்பா போனபோது ஐந்து. ஊர்த் திருவிழாவில் குடித்த கூட்டத்தில் ஒரு சண்டை, ஒரு மரக்கட்டை, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் எழுந்திருக்கவில்லை. அந்த ஆளின் வீட்டில் ஒவ்வொரு வருஷமும் அதே நாளில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். இந்த வீட்டிலும் நொர்மிதா ஒன்று ஏற்றுவாள். யாருக்கு என்று ஜெசெல் கேட்டதில்லை.

"நீ சொல்லுடி," என்றாள் இஸ்கா. "உங்கப்பா பக்கத்துல வரணுமா, வேண்டாமா?"

"எனக்கு அவரு போன்ல இவ்ளோதான் தெரியும்." ஜெசெல் விரலால் தீப்பெட்டி அளவு காட்டினாள். "பெருசா பாத்தா பயமா இருக்குமோ என்னமோ."

இஸ்கா சிரித்துவிட்டாள். "மூஞ்சி என்ன மாதிரிதான் இருக்கும். பயந்துக்கோ."

வெள்ளி, சனி இரண்டு நாளும் மழை. ஈரமாக இருந்த மூடிகளைப் பழைய புகைக் குழியில் போட்டுக் காய வைத்தார்கள். கண் எரிந்தது. சிரட்டையிலிருந்து பருப்பை நெம்பி எடுக்கும் வளைந்த கத்தி நொர்மிதாவின் உள்ளங்கையில் எப்போதும் ஒரே இடத்தில்தான் அழுத்தும். அந்த இடம் தடித்துப்போயிருந்தது. ஜெசெல் கரிந்த துண்டு, காய்ந்த துண்டு, ஈரத் துண்டு என்று வகைக்குப் பத்து எடுத்து நிறுத்தாள்.

"அம்மா, வாய்ப்பக்கம் பாதி எடைகூட இல்ல. கடேசில முக்கால் இருக்கு. ஒரே அடுப்புல எப்படி?"

"நெருப்பு ஒரு பக்கமே நின்னிருக்கு."

"ஆகஸ்ட்ல நிக்கலியே. ஆகஸ்ட்ல எல்லா வரிசையும் கிட்டத்தட்ட ஒண்ணு." அவள் நோட்டைப் புரட்டினாள். "படத்தக் குடும்மா. எங்கயோ தப்பாக் கட்டிட்டோம்."

நொர்மிதா பெட்டியிலிருந்து படத்தை எடுத்து வந்தாள். ஜெசெல் முழம் போட்டு, கயிறு பிடித்து, அடுப்பை ஒவ்வொரு அளவாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இந்த வட்டமெல்லாம் என்ன? பதினேழு இருக்கு."

அடுப்பின் வாய்க்கும் கடலுக்கும் நடுவில், ஒரே வரிசையில், சிறிய வட்டங்கள். அடுப்பைக் கட்டிய ஜூன் மாதம் அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருந்தும் நொர்மிதா அவற்றை அலங்காரம் என்றே நினைத்திருந்தாள். இப்போது மூன்றாவது வட்டத்துக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரு சிறிய இடைவெளி இருப்பதைப் பார்த்தாள். படகை இழுத்து ஏற்றுகிற வழி அது.

"மரம்," என்றாள்.

"எந்த மரம்?"

முன்பு கரையில் பன்னிரண்டு தென்னையும் ஐந்து நாட்டு வாதுமையும் நின்றன. வாடைக்காற்று அதில் மோதி மேலே ஏறிவிடும். வீட்டு முற்றத்தில் விளக்குகூட அணையாது. பெலிமோன் சிறைக்குப் போன மறு வருஷம் பெரும்புயல் வந்தது. காலையில் பார்த்தபோது பதினேழில் ஒன்றும் இல்லை. கூரை வயலில் கிடந்தது. அப்போது நொர்மிதா அவனுக்கு எழுதிய கடிதம் மூன்று வரி. பிள்ளை நலம். வீடு நிற்கிறது. கூரை போட்டுவிட்டோம். மூன்றும் உண்மை.

பிறகு சொல்லச் சந்தர்ப்பம் வந்தது, சொல்லவில்லை. வீட்டில் செல்போன் சிக்னல் கிடைப்பது கரைப்பக்கம் மட்டும்தான். மரங்கள் போனபின் விரிகுடாவுக்கு அந்தப் பக்கத்துச் செல்போன் கோபுரம் நேராகத் தெரிந்தது. மாதம் ஒரு முறை சிறையிலிருந்து வீடியோ அழைப்பு வரும்போது அவள் அங்கே, கடலைப் பார்த்து நிற்பாள். அவனுக்கு அவள் முதுகுக்குப் பின்னால் வீடு மட்டும் தெரியும்.

அடுப்பின் வாய் வாடையைப் பார்த்து இருந்தது. ஆகஸ்டில் காற்று வீட்டுப் பக்கமிருந்து வந்தது, அதனால் குறை தெரியவில்லை. அக்டோபரில் வாடை திரும்பியதும் காற்று நேராக வாய்க்குள் புகுந்து ஊதிவிட்டது.

"அவருக்கு மரம் இல்லன்னு தெரியாதா?" என்றாள் ஜெசெல்.

நொர்மிதா படத்தை மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அழைப்பு. மழை விட்டிருந்தது. கடல் கலங்கலாக இருந்தது. இஸ்கா தலை வாரி, பூசைக்குப் போட்ட பூப்போட்ட சட்டையோடு வந்து நின்றாள். பதினைந்து நிமிஷம்தான், அதற்குமேல் காவலர் நிறுத்திவிடுவார்.

பெலிமோன் திரையில் வந்தான். ஆரஞ்சு நிறச் சட்டை. முடி முன்னால் கொஞ்சம் ஏறியிருந்தது.

"நொர்! கேட்டியா? எனக்கு வியாழக்கெழம சொன்னாங்க. நீ மனு போட்டிருக்கியாமே! கள்ளி, சொல்லவே இல்ல."

"சொன்னா நீ தூங்க மாட்ட."

"இப்ப மட்டும் தூங்குறேனா? மானா! மானாவா அது? என்ன, கல்யாண வீட்டுக்குப் போறியா?"

"உனக்குத்தாண்டா மேக்கப்பு," என்றாள் இஸ்கா. குரல் உடைந்தது. "வா. வந்து சேரு. மீன் சுட்டு எடுத்துட்டு வரேன்."

"வரேன். வரேன், மானா."

அவன் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். நொர்மிதா கேட்டாள்: "படிப்பு?"

"அதுவா. அது கெடக்கு. பத்து மாசப் பாடம் பாக்கி. டீச்சர் கேட்டுப் பாத்தாங்க, அங்க சேத்துக்க வழியில்லயாம். போவட்டும் நொர். படிச்ச வரைக்கும் படிச்சாச்சு. மூணு மணி நேரம் தூரத்துல நீ இருக்கறப்ப எனக்கு எதுக்குப் பட்டம்?" கொஞ்சம் நிறுத்தினான். "நம்ம அடுப்பு மட்டும் என்னாச்சுன்னு தெரிஞ்சா போதும். ஆகஸ்டுக்கு அப்பறம் மறுபடி போட்டீங்களா?"

"கரிஞ்சு போச்சு."

"என்னது?"

"அதுக்கப்பறம் போட்ட ரெண்டு தடவயும். வாய்ப்பக்கம் கரி, கடேசில ஈரம்."

அவன் முகம் திரைக்குப் பக்கத்தில் வந்தது. "எத்தன வரிசை கரி? காத்து உள்ள போற கதவ எவ்ளோ தெறந்து வெச்ச? மட்ட போட்டியா, சிரட்டயா?"

"ரெண்டு வரிசை. ஒரு சாண். ரெண்டும் கலந்து."

"அப்ப நெருப்பு ஓடியிருக்கணுமே. ஊதினாத்தான் அப்படி நிக்கும். யாரு ஊதுறா? முன்னாடிதான் மரம் இருக்கே."

நொர்மிதா இஸ்காவைப் பார்த்தாள். இஸ்கா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். நொர்மிதா போனைத் திருப்பினாள். முதலில் அடுப்பு. பிறகு அதன் வாய். பிறகு கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகக் காட்டினாள். மணல், அதில் படர்ந்த கொடி, இரண்டு அடிக்கட்டைகள், கடல்.

காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று அவள் போனைத் தன் பக்கம் திருப்பினாள். அவன் இருந்தான்.

"எல்லாமா?"

"பதினேழும்."

"எப்ப?"

"பெரிய புயல்ல."

"எட்டு வருஷமா?"

"ஆமா."

அவன் உள்ளங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். "நான் ராத்திரி படுத்தா அந்த வழியாத்தான் நொர் நடந்து வருவேன். மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல. தெனமும்."

பின்னால் எங்கோ காவலர், "அஞ்சு நிமிஷம்," என்றார்.

பெலிமோன் குனிந்தான். ஒரு பென்சிலை எடுத்தது தெரிந்தது. "ஜெசெல் இருக்காளா? வரச் சொல்லு."

ஜெசெல் போனை வாங்கினாள்.

"ஏய், வாய்லேர்ந்து கடல் எவ்ளோ தூரம்?"

"நாப்பத்தொரு மீட்டர். தண்ணி ஏறினா முப்பத்தாறு."

"அளந்தியா!"

"கயிறு போட்டு."

"அப்ப வாய வீட்டுப் பக்கம் திருப்பணும். புகைக்குழாய் கடல் பக்கம் போகும், அதுக்கு மேல ஒரு தொப்பி. இல்லேன்னா காத்து புகைய உள்ள தள்ளும். வீடு தென்மேற்க மறைக்கும்ல? ஆங். ரெண்டு பருவத்துக்கும் ஆகும். இத அறிக்கைல தனியா எழுதணும். எங்க தப்புன்னு எழுதணும். டீச்சருக்கு அதுதான் புடிக்கும், எங்க தப்புனு எழுதுறது. நான் மரத்த நம்பிக் கட்டினேன், மரம் இல்ல. நீ எடையெல்லாம்..."

"பத்துப் பத்தா எழுதி வெச்சிருக்கேன்."

"பத்துப் பத்தா! உன்ன யாரு..."

திரை இருண்டது. அவன் வருகிற கப்பல் என்றைக்கு என்று அவனும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

ஜெசெல் போனைப் பிடித்தபடியே நின்றாள். "என்னை ஏய்னு கூப்புடுறாரு," என்றாள். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை.

திங்கள்கிழமை அடுப்பைப் பிரித்தார்கள். இஸ்கா உதவிக்கு வந்தாள். பீப்பாய்களை வெளியே உருட்டி, வாய்க்குழியை மறுபக்கம் வெட்டி, களிமண் குழைத்துப் பூசினார்கள். மதியம் சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீ என்ன பண்ணப் போறேன்னு எனக்குத் தெரியும்."

"எனக்கே தெரியல, மானா."

"தெரியும். நேத்து அவன் பென்சில எடுத்தானே, அப்பவே உன் மூஞ்சியப் பாத்தேன்." சோற்றைப் பிசைந்தாள். "நான் அவன் மூஞ்சியப் பாத்தேன். வரேன் மானா, வரேன் மானான்னு சொன்னப்ப சிரிச்சான். அது சின்ன வயசுல எங்கம்மா ஊசி போடக் கூட்டிட்டுப் போறப்ப சிரிப்பான் பாரு, அந்தச் சிரிப்பு."

"அப்ப நீயே சொல்லு. எழுதிக் குடுக்கவா?"

"நான் சொல்ல மாட்டேன். எனக்கு அவனப் பாக்கணும்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பாவத்த நீயே சுமந்துக்கோ."

செவ்வாய் மதியம் நொர்மிதா ஊர் மன்றத்துக்குப் போனாள். வாசல் பெஞ்சில் உட்காரவில்லை. டோட்டோய் தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் மாட்டினான்.

"நெஜமாவா, மானா?"

"அடி."

அவன் அடித்தான். பெயர், ஊர், உறவு. பிறகு நிறுத்தினான். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட? உடல்நிலைனு போடவா? குடும்பச் சூழல்?"

"அடுப்பு வேல முடியலன்னு போடு."

"என்னது?"

"கொப்பரை அடுப்பு வேலை இன்னும் முடியவில்லை. பத்து மாதம் ஆகும்."

"மானா, இத மணிலால படிக்கிறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். அதத்தான் போடு."

டோட்டோய் அடித்தான். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சுவர்க் கடிகாரம் இரண்டு இருபது காட்டியது. திரும்பும் வழியில் மலைக்கு அந்தப் பக்கம் போகிற ஜீப் அவளைக் கடந்தது. கூரை மேல் கோழிக்கூண்டு, மூட்டைகள். ஓட்டுநர் ஏறுகிறாயா என்று வேகத்தைக் குறைத்தான். அவள் கையசைத்துப் போகச் சொன்னாள். ஜீப் வளைவில் திரும்பும்வரை பாதை ஓரத்திலேயே நின்றாள்.

வெள்ளிக்கிழமை வாடை பலமாக அடித்தது. அன்று காலை புது வாயில் நெருப்பு மூட்டினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் இஸ்கா மேல்தட்டியை விலக்கினாள். முதல் வரிசையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று துண்டு எடுத்து ஒவ்வொன்றாக உடைத்தாள். மூன்றும் ஒரே சத்தத்தில் முறிந்தன. உள்ளே வெள்ளையாக இருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள்.

"ம்," என்றாள். மென்றதை விழுங்கிவிட்டு, "எழுதிப் போடு அவனுக்கு. மானா தின்னு பாத்தான்னு," என்றாள்.

ஜெசெல் எடைகளை நேர் கோடு போட்டு எழுதினாள். கரையின் புதுப் படம் ஒன்றும் வரைந்தாள். வீடு, அடுப்பு, இரண்டு அடிக்கட்டை, கடல், நாற்பத்தொரு மீட்டர். படகு ஏறும் வழி எங்கே இருந்தது என்று அம்மாவைக் கேட்டு அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தது. நொர்மிதா பேனாவை வாங்கினாள்.

"மரம் போனதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மனு போட்டதையும் சொல்லவில்லை, எடுத்ததையும் கேட்காமல்தான் எடுத்தேன். இனி இங்கே இல்லாததை எல்லாம் எழுதுகிறேன். உனக்கு அங்கே இல்லாததை நீயும் எழுது."

படித்துப் பார்த்தாள். பேனாவை ஜெசெலிடம் கொடுத்தாள்.

"நீ ஒண்ணும் எழுதலியா?"

ஜெசெல் யோசித்தாள். பிறகு தாளின் ஓரத்தில், நோட்டில் எழுதும் அதே சிறிய எழுத்தில் எழுதினாள்: "என் பெயர் ஏய் இல்லை."